நானும் கையெழுத்துப் போட்டவன்தான்

"நானும் இப்படி ஒரு தாளில் கையெழுத்துப் போட்டவன்தான், ஆன்ட்டி." இதைச் சொல்லி மூன்று வருஷம் ஆகிறது. இன்னும் வாய் கூசுகிறது. (ஆன்ட்டி என்பது இங்கே ஆஸ்திரேலியாவில் பழங்குடி மூத்த பெண்களுக்கு எல்லோரும் தரும் மரியாதை. நம் ஊர்க் கடைக்காரர் கூப்பிடும் ஆன்ட்டி இல்லை.)

பெர்த்தில் ஆவணக் காப்பகத்தில் வேலை. ஆன்ட்டி கேட்டு வந்தது தன் தாத்தாவின் கோப்பை, நேட்டிவ் டைட்டில் (பழங்குடியினரின் பூர்விக நில உரிமை) வழக்குக்காக. அந்த உரிமையைக் கோர்ட் முதலில் ஒப்புக்கொண்டது 1992-இல், மாபோ தீர்ப்பில்; மறு வருஷம் சட்டம். ஆனால் மண்ணைக் கேட்பவர்கள், வெள்ளையர் ஆட்சி வந்த நாள் தொட்டுத் தங்கள் முறைப்படி அந்த நிலத்தோடு உறவு அறவில்லை என்று காட்ட வேண்டும். யோர்ட்டா யோர்ட்டா என்ற பழங்குடி மக்களின் வழக்கில், வரலாற்றின் அலை அந்த உறவை அடித்துக்கொண்டு போய்விட்டது என்று 1998-இல் நீதிபதி எழுதினார். 2002-இல் ஹைகோர்ட்டிலும் தோற்றார்கள். அங்கே அதற்கு மேல் கோர்ட் இல்லை. அதனால் கோப்பில் இருக்கும் ஒவ்வொரு தாளும் கனம்தான்.

ஆன்ட்டிக்கு வேண்டியது கிடைத்தது. யாரோ ஒரு போலீஸ்காரர் எரிச்சலோடு எழுதிய குறிப்பு: இந்த ஆள் வருஷா வருஷம் வேலையைப் போட்டுவிட்டுத் தாய்வழி மண்ணுக்குப் போய்விடுகிறார். படித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தார்.

அடுத்த தாளில் சிரிப்பு நின்றது. 1944-ஆம் வருஷச் சட்டப்படி தாத்தா கொடுத்த குடியுரிமை மனு. பிறந்த மண்ணிலேயே குடிமகனாக இருக்க மேற்கு ஆஸ்திரேலியாவில் மாஜிஸ்திரேட் முன்னால் மனுப் போட வேண்டும். நெருங்கிய ரத்த உறவு தவிர, இரண்டு வருஷமாகத் தன் இனத்தாரோடு எந்தச் சங்காத்தமும் இல்லை என்று உறுதிமொழி தர வேண்டும். தந்தால் போட்டோ ஒட்டிய சான்றிதழ். அதை வைத்துக்கொண்டு மதுக்கடைக்குள் போகலாம், 1927 முதல் 1954 வரை தடை இருந்த பெர்த் நகரத்துக்குள் பாஸ் இல்லாமல் நடக்கலாம். நடத்தை சரியில்லை என்றால் பிடுங்கிக்கொள்வார்கள். நாய் லைசென்ஸ் என்று அந்த மக்களே அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். பழங்குடியினரையும் மக்கள்தொகைக் கணக்கில் சேர்க்க அரசியல் சட்டத்தைத் திருத்திய 1967 வாக்கெடுப்பில் 90 சதவீதத்துக்கு மேல் ஆதரவு கிடைத்ததைப் பெருமையாகச் சொல்வார்கள். அதற்குப் பிறகும் இந்தச் சட்டம் 1971 வரை இருந்தது.

"இந்தத் தாளையும் எடுக்கணுமா?"

எது வேண்டுமோ அதை மட்டும் எடுக்கலாம் என்றேன். அரசாங்க வக்கீலும் இதே கோப்பைத் திறக்கலாம் என்றும் சொன்னேன். அதில் தவறில்லை, அது என் வேலை. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அவர் பேசாமல் இருந்ததுதான் தாங்கவில்லை. கையெழுத்துப் போட்டவன் கதையை எடுத்தேன். இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்தது, கவுன்சில் மண்டபத்தில் ஆஸ்திரேலியக் குடியுரிமைச் சான்றிதழோடு ஒரு மரக்கன்று கொடுத்தது, எல்லாம்.

பொறுமையாகக் கேட்டார். "நீ வந்து வாங்கினாய். அவர் எங்கேயும் போகவில்லையே."

கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன்.

ஆறுதலுக்குத்தானே சொன்னேன் என்று பல நாள் சமாதானம் செய்துகொண்டேன். அவருக்கா எனக்கா ஆறுதல்? சொல்லத்தக்கது வேறொன்று கையிலேயே இருந்தது: அந்த உறுதிமொழி பொய், போலீஸ்காரர் குறிப்பே அதற்குச் சாட்சி. வெட்டிக்கொள் என்று எழுதி வாங்கியவர்களே பிற்பாடு ஏன் வெட்டிக்கொண்டாய் என்று கேட்டால், இரண்டு தாளையும் சேர்த்துக் காட்டுவதுதான் பதில். அதை நான் சொல்லவில்லை. ஆவணத்துக்கு விளக்கம் சொல்வது காப்பகத்தாரின் வேலை இல்லை என்பது எங்கள் பாடம். என் பாஸ்போர்ட் கதை மட்டும் எந்தப் பாடத்தில் இருந்ததோ தெரியவில்லை. அவருக்கு அது சொல்லாமலே தெரிந்திருக்கவும் கூடும். கடைசியில் இரண்டு தாளையும்தான் கேட்டார்.

சான்றிதழில் இருந்த போட்டோவைப் பெரிதாக்கித் தர முடியுமா என்றும் கேட்டார். அந்த வயதுப் படம் வீட்டில் வேறு இல்லையாம். எடுத்துக் கொடுத்தேன். பிரதிக்குக் கட்டணம் உண்டு. வாங்கிக்கொண்டு ரசீதும் கொடுத்தேன். கட்டணத்தைத் தள்ளுபடி செய்ய எனக்கு அதிகாரம் இருந்ததா என்று மறுநாள்தான் விதிகளைப் புரட்டினேன். இருந்தது.