ஜொகூர் பாருவுக்கு ரயிலில்: அன்று தஞ்சோங் பகார், இன்று உட்லண்ட்ஸ்

வார இறுதியில் சிங்கப்பூரிலிருந்து மலேசியாவின் ஜொகூர் பாரு போகப் பேருந்து வரிசையில் நிற்கத் தெம்பில்லை என்றால் ஷட்டில் தெப்ராவ் ரயில்தான் வழி, ஆனால் டிக்கெட் கிடைக்க வேண்டும். சனிக்கிழமை காலைக்கு முந்தின நாள் தேடினால் ஒன்றும் மிஞ்சியிருக்காது. இங்கிருந்து போக 5 சிங்கப்பூர் வெள்ளி, திரும்பி வர 5 ரிங்கிட், ஏன் இப்படி என்று கேட்காதீர்கள். என்னைப் போல இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள், இங்கே நிரந்தரவாசியாக இருந்தாலும், மலேசியாவின் மின்னியல் வருகை அட்டையைப் பயணத்துக்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்பிவிட வேண்டும்.

உட்லண்ட்ஸ் ரயில் சோதனைச் சாவடியில் சிங்கப்பூரை விட்டு வெளியேறுவதும் மலேசியாவுக்குள் நுழைவதும் அடுத்தடுத்த முகப்புகளில் முடிந்துவிடும். அப்புறம் ரயிலில் ஐந்தே நிமிடம், ஜொகூர் பாருவின் ஜேபி சென்ட்ரல் நிலையத்தில் இறங்கி நேராகக் கடைத்தெருவுக்கு நடக்கலாம்.

இதன் அருமை பழைய தஞ்சோங் பகார் நிலையத்தில் ஏறியவர்களுக்குத்தான் தெரியும். 1932இல் திறந்த நிலையம், முகப்பில் நான்கு பெரிய சிலைகள், உள்ளே உயரமான கூடம், கேண்டீனில் பரோட்டாவும் தே தாரிக் என்ற ஆற்றிய பால் தேநீரும். எல்லாம் அழகுதான், நடைமுறைதான் விசித்திரம். 1998 ஆகஸ்டில் சிங்கப்பூர் தன் குடிநுழைவுச் சோதனையை உட்லண்ட்ஸுக்கு மாற்றிக்கொண்டது, மலேசியா தஞ்சோங் பகாரை விட்டு நகரவில்லை. ஆக, முதலில் மலேசியாவுக்குள் 'நுழைந்து', ரயிலில் தீவின் மறுமுனை வரை வந்து, உட்லண்ட்ஸில் இறங்கிச் சிங்கப்பூரை விட்டு 'வெளியேறி', மறுபடி ஏற வேண்டும். நடுவே எந்த நாட்டில் இருக்கிறோம் என்று கூட வந்த நண்பர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. 2011 ஜூன் 30 இரவு ஜொகூர் சுல்தானே கடைசி ரயிலை ஓட்டிச் சென்றதோடு அந்தக் கூத்து முடிந்தது. கட்டடம் இப்போது தேசிய நினைவுச்சின்னம், அதன் அடியிலேயே எம்ஆர்டி எனப்படும் நகர ரயிலுக்கு ஒரு நிலையம் கட்டியிருக்கிறார்கள்.

என்னைக் கேட்டால் தானியங்கி வாசல்களைவிட இரண்டு நாட்டுச் சோதனையையும் ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவந்ததுதான் உண்மையான நவீனம். அதுவும் பாதிதான் நடந்திருக்கிறது. திரும்பும்போது ஜேபி சென்ட்ரலில் ஒரு வரிசை, உட்லண்ட்ஸில் இறங்கி இன்னொரு வரிசை. சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த்தையும் ஜொகூர் பாருவின் புக்கிட் சாகாரையும் இணைக்கும் 4 கிலோமீட்டர் ஆர்டிஎஸ் என்ற புதிய விரைவு ரயில் பாதையில் எந்தப் பக்கம் ஏறினாலும் இரண்டு சோதனையும் ஏறும் இடத்திலேயே முடியும்படி திட்டமிட்டிருக்கிறார்கள். இப்போதைக்கு ஷட்டில்தான் என்றால் ஞாயிறு மாலைத் திரும்பும் டிக்கெட்டை முதலில் எடுத்துவிட்டு, போகும் டிக்கெட்டை அப்புறம் தேடுங்கள்.