கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில்

காலை ஐந்தரைக்கு எழுந்து, ஒரு அதிகாரம் வாசித்து, முழங்கால்போட்டு ஜெபித்து, 'ஆமென்' சொன்ன கையோடு ஆண்டவரை அந்த அறையிலேயே விட்டுக் கதவைச் சாத்திவிட்டு வருகிற ஆள் நான். மறுபடி சந்திப்பது ராத்திரி குடும்ப ஜெபத்தில்தான். நடுவில் பதினாறு மணி நேரம், குக்கர், பேருந்து, அலுவலகக் கவுண்டர், மளிகைக் கடை எல்லாம் அவருக்குத் தெரியாமல் நடக்கிற மாதிரியே ஓடும்.

எங்கள் ஆச்சி அப்படி இல்லை. குடத்தை இறக்கினால் 'ஸ்தோத்திரம்', பால் பொங்கி வழியாமல் தப்பினால் 'ஸ்தோத்திரம் இயேசப்பா', முட்டி வலித்தாலும் அதேதான். தும்மல் மாதிரி வருகிறதே என்று சின்ன வயதில் கேலி செய்வோம். "இடைவிடாமல் ஜெபம்பண்ணுங்கள்" என்று அப்போஸ்தலர் பவுல் பைபிளில் எழுதியது வேலைவெட்டி இல்லாதவர்களுக்கு என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

பைபிளில் நெகேமியா புத்தகத்தின் இரண்டாம் அதிகாரம்தான் அந்த நினைப்பைக் கொஞ்சம் அசைத்தது. "நீ கேட்கிற காரியம் என்ன" என்று பெர்சியா ராஜா அர்தசஷ்டா நெகேமியாவைக் கேட்கிறார். நெகேமியா பானபாத்திரக்காரர், அதாவது ராஜாவுக்குத் திராட்சை ரசம் ஊற்றிக் கொடுக்கிறவர், வேலை நேரம், ராஜா பதிலுக்குக் காத்திருக்கிறார். அந்த இடைவெளியில் பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபம்பண்ணிவிட்டு அப்புறம்தான் பதில் சொல்கிறார். கண்ணை மூடியிருக்க முடியுமா? ஒரு மூச்சு நேரம் இருந்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் முதல் அதிகாரத்தில் அவர் நாள்கணக்காக உபவாசித்து அழுததையும் சேர்த்துப் படிக்கவேண்டும், அந்த நீண்ட ஜெபம் இல்லாமல் இந்தக் குட்டி ஜெபம் நாக்கில் வந்திருக்காது.

17-ஆம் நூற்றாண்டில் பாரீஸில் கார்மேல் சபைத் துறவிகளின் மடத்துச் சமையலறையில் இருந்த சகோதரர் லாரன்ஸையும் எனக்கு ரொம்பப் பிடிக்கும். முன்னாள் சிப்பாய், கால் ஊனம், சமையல் வேலையே பிடிக்காது, அதிலேயே பதினைந்து வருஷம். ஒருமுறை மடத்துக்குத் திராட்சை ரசம் வாங்க அனுப்பிவிட்டார்கள். வியாபாரம் தெரியாது, படகில் நடக்கவும் முடியாமல் பீப்பாய்கள் மேல் உருண்டு உருண்டு போயிருக்கிறார். "இது உம்முடைய வேலை ஆண்டவரே" என்று சொல்லிவிட்டுப் போனாராம், காரியமும் நல்லபடியாக முடிந்ததாம். தவறு செய்தால், என்னை என் போக்கில் விட்டால் இப்படித்தான் செய்வேன், நீர்தான் தடுக்கவேண்டும் என்று சொல்லிவிட்டு அதோடு விட்டுவிடுவாராம். எனக்கு அந்த இரண்டாவது பாதிதான் வராது, நாள் முழுக்க நொந்துகொண்டே இருப்பேன்.

போன வாரம் கவுண்டரில் ஒரு பெரியவர் மூன்றாவது தடவையும் படிவத்தைத் தப்பாக நிரப்பிக்கொண்டு வந்தார். எரிந்து விழுந்துவிட்டேன். நெகேமியா ஞாபகம் வந்தபோது அவர் வாசலைத் தாண்டிவிட்டார். ஓடிப்போய், "ஐயா, வாங்க, நானே எழுதித் தாரேன்" என்று கூப்பிட்டு எழுதிக் கொடுத்தேன். சாட்சி சொல்கிற அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை, அவர் முறைத்துக்கொண்டேதான் போனார்.

இன்றைக்குக் குக்கர் மூன்றாவது விசில் அடிக்கிறவரை ஞாபகம் இருந்தது. அப்புறம் எங்கே போனதோ. பேருந்தில் ஜன்னல் ஓர சீட் கிடைத்ததும் ஆச்சியின் அதே 'ஸ்தோத்திரம்' சத்தமாகவே வாயில் வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த அக்கா திரும்பிப் பார்த்தார்.