பானட்டின் அடியில் ஒட்டிய அலுமினியத் தாள்

சென்ற மே மாதம் மதுரையிலிருந்து திருநெல்வேலிக்குப் போய்க்கொண்டிருந்தபோது, கோவில்பட்டியைத் தாண்டியதும் காருக்குள் ஏதோ கருகும் வாடை வந்தது. ஓரமாக நிறுத்திப் பானட்டைத் திறந்தேன். முந்தைய மாதம் உதிரிபாகக் கடை ஒன்றில் வாங்கிப் பானட்டின் உட்புறத்தில் ஒட்டியிருந்த அலுமினியத் தாளின் ஒரு மூலை, பசை இளகிப் பிரிந்து, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் (இன்ஜினின் சூடான புகையை வெளியேற்றும் குழாய்த்தொகுதி) மறைப்புத் தகட்டின்மேல் கிடந்தது. தாளின் பின்னால் இருந்த பஞ்சு விளிம்பில் கருகியிருந்தது. அதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பேட்டரியின் பாசிட்டிவ் முனை மூடியில்லாமல் இருந்தது. தாள் இன்னும் சற்று இறங்கியிருந்தால், அந்த முனையையும் வண்டியின் இரும்பு உடலையும் அலுமினியம் இணைத்திருக்கும். தீப்பிடிக்க அதுவே போதும்.

இன்ஜின் குளிர்ச்சியாக ஓடும், பெயின்ட் வெளிறாது, சத்தம் குறையும் என்று சொல்லித்தான் அதை விற்றார்கள். சத்தம் குறைந்தது உண்மை. பஞ்சு இருந்தால் குறையத்தான் செய்யும். பெயின்டைப் பற்றிய பேச்சு எனக்கு ஏற்புடையதாக இல்லை. தொழிற்சாலையில் காரின் மேல்பூச்சையே ஏறக்குறைய 140 டிகிரி வெப்பத்தில் சூளையில் வைத்துத்தான் உலர்த்துகிறார்கள். சாதாரண ஓட்டத்தில் பானட்டின் தகடு அந்த அளவை எட்டுவதில்லை. நம் ஊரில் பானட் வெளிறுவதற்கு முக்கியக் காரணம் மேலே அடிக்கும் வெயிலின் புற ஊதாக் கதிர். அதைக் கீழே ஒட்டிய தாள் தடுக்காது.

குளிர்ச்சி என்ற வாக்குறுதியைத்தான் நின்று யோசிக்க வேண்டும். சூடான பொருள் வீசும் கதிர்வெப்பம் அதன் முழுமுதல் வெப்பநிலையின் (செல்சியஸ் டிகிரியோடு 273 கூட்டினால் வரும் கெல்வின் அளவு) நான்காம் அடுக்காக உயரும் என்பது 1879இல் இயற்பியலாளர் ஸ்டெஃபான் கண்ட விதி. அதன்படி 87 டிகிரியில் இருக்கும் இன்ஜின் பிளாக்கைவிட, 327 டிகிரியில் இருக்கும் மேனிஃபோல்ட் அதே பரப்பிலிருந்து ஏழரை மடங்குக்கும் மேலாக வெப்பத்தை வீசும். சுத்தமான அலுமினியப் பரப்பு அந்தக் கதிரில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும் என்பதும் சரிதான். ஆனால் எங்கே திருப்பி அனுப்புகிறது? பானட்டிலிருந்து மறுபடி இன்ஜினை நோக்கி. தகடு சூடாகாமல் தப்புகிறது. வெப்பமோ அந்தக் கூட்டுக்குள்ளேயே இருக்கிறது. அதை வெளியே கொண்டுபோக வேண்டியது காற்று. மேலும், புழுதியும் எண்ணெய்ப் பிசுக்கும் படியப் படியத் தாளின் பிரதிபலிப்பும் குறைந்துகொண்டே போகும்.

கடைக்காரர் அகச்சிவப்புத் தெர்மாமீட்டரால் ஒரு வண்டியின் பானட்டை அளந்து, தாள் ஒட்டிய இடம் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று காட்டியபோது நானும் நம்பிவிட்டேன். அந்தக் கருவி, பரப்பு வீசும் கதிரைக் கொண்டே வெப்பத்தைக் கணிக்கிறது. பளபளப்பான அலுமினியம் தன் சொந்தக் கதிரை மிகக் குறைவாகவே வீசும். அதனால் திரையில் தெரிவது பெரும்பாலும் எதிரே உள்ள பொருள்களின் பிம்பமே. வீட்டில் மறைப்புத் தகட்டின்மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி, சற்று நேரம் கழித்து அளந்தேன். தகட்டில் 38 டிகிரி காட்டியது, டேப்பில் 71. இரண்டும் ஒரே தகடு. பளபளக்கும் பொருளை இந்தக் கருவியால் அளந்து காட்டினால், தயவுசெய்து முதலில் ஒரு துண்டு டேப் கேளுங்கள்.

பிரதிபலிப்புத் தாள் பயனற்றது என்று நான் சொல்லவில்லை. 1992இல் அறிமுகமான மெக்லாரன் எஃப்1 காரில் வடிவமைப்பாளர் கார்டன் மரே, இன்ஜின் அறையின் உட்புறத்தில் தங்கத் தகடே பதித்தார். சுமார் 16 கிராம், நம் கணக்கில் இரண்டு சவரன். அந்தக் காரின் உடல் கார்பன் ஃபைபரால் ஆனது. இழைகளைப் பிணைக்கும் பிசின் அதிக வெப்பத்தைத் தாங்காது. ஆக, காக்க வேண்டிய பொருள் இன்னது என்று தெரிந்து செய்த வேலை அது. என் காரின் பானட்டோ வெறும் இரும்புத் தகடு. காக்க வேண்டியவை பேட்டரி, ரப்பர் ஹோஸ், ஒயர்கள், ஏர் ஃபில்டருக்குப் போகும் காற்று ஆகியவை. அவற்றுக்கான மறைப்பு மேனிஃபோல்டின் அருகிலேயே, தொடாமல், நடுவே காற்று ஓட இடம்விட்டு இருக்க வேண்டும். ஓலைச் சுவருக்கும் விறகடுப்புக்கும் இடையே தகரம் வைக்கும்போது என் பாட்டி அதை இரண்டிலும் படாமல் நிறுத்துவார்.

திரும்பி வந்ததும் மெக்கானிக் அண்ணனிடம் வண்டியைக் காட்டினேன். மேனிஃபோல்ட் மறைப்பில் ஒரு போல்ட் இல்லை. இன்ஜினுக்கு அடியில் இருக்க வேண்டிய பிளாஸ்டிக் மூடியை எப்போதோ கழற்றியவர்கள் திரும்ப மாட்டவில்லை. ரேடியேட்டருக்கு முன்னுள்ள ஏசி கண்டென்சரின் இடுக்குகளில் செம்மண்ணும் பூச்சிகளும் அடைத்திருந்தன. காற்று போகும் வழியையே அடைத்துவிட்டு, மேலே தாள் ஒட்டிக் குளிர்ச்சியை எதிர்பார்த்திருக்கிறேன்! தாளைக் கிழித்தெடுத்தோம், பசையைச் சுரண்ட ஒரு மணி நேரம் ஆனது. பானட்டின் உட்புறத்துக்கென்று கார் கம்பெனியே தரும் லைனரை (விரிப்பை) கிளிப் போட்டு மாட்டி, போல்ட்டையும் அடிமூடியையும் சரிசெய்து, பேட்டரி முனைக்கு மூடியும் போட்டோம்.

வண்டியை நிறுத்தியபின் ஃபேனும் எதிர்க்காற்றும் இல்லாத முதல் சில நிமிடங்களில்தான் பானட்டின் கீழ்ச் சூடு இன்னும் ஏறும். அதனால் அந்த டேப் துண்டை எடுக்காமல் வைத்திருக்கிறேன். வரும் மே மாதம் அதே சாலையில் ஓட்டி, நிறுத்திய பத்தாவது நிமிடத்தில் மறுபடி அளந்து இங்கே எழுதுகிறேன்.