கத்தரிக்கோலும் பதினாறு கிலோ கல்லும்

மகளுடைய பள்ளி வேலைக்காக உலக வரைபடத்தை நகல் எடுத்து, தென் அமெரிக்காவையும் ஆப்பிரிக்காவையும் வெட்டிக் கொடுத்தேன். ஒரு காலத்தில் இரண்டும் ஒட்டியிருந்தவை, பிரேசிலின் மூக்கு ஆப்பிரிக்காவின் கினியா வளைகுடாவுக்குள் அப்படியே போய் உட்காரும் பார் என்று பெருமையாகச் சொல்லியும் வைத்திருந்தேன். உட்காரவில்லை. மேலே சேர்த்தால் கீழே விரல் நுழைகிற அளவுக்கு இடைவெளி. "கொஞ்சம் வெட்டிவிட்டா சேர்ந்துடும்ப்பா" என்றாள்.

தப்பு என்னுடையதுதான். தண்ணீர் இன்றைக்கு நிற்கிற கோடுதான் கடற்கரை. கண்டத்தின் விளிம்பு அது இல்லை. கண்டம் அதையும் தாண்டி ஆழமில்லாத கடலுக்கு அடியில் நீண்டு, அப்புறம்தான் சரிகிறது. 1965இல் பிரிட்டிஷ் விஞ்ஞானி எட்வர்ட் புல்லார்டின் குழு கணினியில் பொருத்திப் பார்த்தபோது கரையை விட்டுவிட்டு, சுமார் 900 மீட்டர் ஆழத்தில் ஓடும் கோட்டை எடுத்துக்கொண்டது. அங்கே நன்றாகப் பொருந்தியது. நைஜர் ஆற்றின் கழிமுகம் போன்ற சில இடங்களில் மட்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறியது. அது கண்டங்கள் பிரிந்த பிறகு ஆறு கொண்டுவந்து கொட்டிய மண், கணக்கில் சேராது.

வடிவம் பொருந்துவதை மட்டும் வைத்து நான் எதையும் நம்ப மாட்டேன். மேகத்தில்கூட யானை தெரிகிறது. கண்டங்கள் நகர்கின்றன என்று வாதிட்ட ஜெர்மன் விஞ்ஞானி ஆல்ஃபிரட் வெகனரும் அதோடு நிற்கவில்லை. கிழிந்த செய்தித்தாளை விளிம்பு பார்த்துச் சேர்த்த பிறகு, அச்சான வரிகள் இந்தத் துண்டிலிருந்து அந்தத் துண்டுக்குத் தொடர்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும் என்பது அவர் காட்டிய உவமை. அப்படித் தொடர்கிற வரிகளில் ஒன்று மீசோசாரஸ். சுமார் ஒரு மீட்டர் நீளமுள்ள ஊர்வன. அதன் புதைபடிவம் கிடைப்பது தென் அமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவின் தென்பகுதியிலும் மட்டும்தான். அட்லாண்டிக்கை நீந்திக் கடக்கிற உடம்பு இல்லை அது.

இதற்கெல்லாம் அந்தக் காலத்து விடை, நடுவில் ஒரு நிலப்பாலம் இருந்து மூழ்கிவிட்டது என்பது. நாம் குமரிக்கண்டத்தோடு முடிச்சுப் போடும் லெமூரியாவும் அந்த வகைதான். மடகாஸ்கரில் வாழும் லெமூர் என்ற விலங்குகளுக்கு விளக்கம் தேடி 1864இல் விலங்கியலாளர் ஃபிலிப் ஸ்க்ளேட்டர் கற்பனை செய்த கண்டம். நிலமே நகர்கிறது என்று ஆனதும் அதற்கு வேலை இல்லாமல் போனது. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், தெரியும்.

என்னை உலுக்கியது வேறு. கண்டங்கள் நகர்கின்றன என்று வெகனர் முதன்முதலாகப் பிராங்க்ஃபர்ட்டில் பேசியது 1912 ஜனவரி 6. ஒரு மாதம் கழித்து, பிப்ரவரி 8 அன்று, தென் துருவத்தில் நார்வேக்காரர் அமுண்ட்சென் முந்திக்கொண்டதைப் பார்த்துவிட்டு நொந்துபோய்த் திரும்பிக்கொண்டிருந்த பிரிட்டனின் ராபர்ட் ஸ்காட்டின் குழு, பியர்ட்மோர் பனியாற்றின் ஓரத்தில் நின்று கல் பொறுக்கியது. நிலக்கரிப் படிவுகளில் இலைத் தடங்கள் இருப்பதைக் குழுவில் இருந்த எட்வர்ட் வில்சன் கண்டார். சாப்பாடு குறைவு, உடம்பில் தெம்பில்லை, சறுக்குவண்டியை ஆட்களே இழுக்க வேண்டும். அதில் 16 கிலோ கல்லை ஏற்றினார்கள். நவம்பரில் கூடாரத்தில் சடலங்கள் கிடைத்தபோது கற்களும் பக்கத்திலேயே இருந்தன.

கல்லில் இருந்தது குளோசாப்டெரிஸ் என்ற பழங்கால மரத்தின் தடம். நாக்கு வடிவ இலை. நடுவில் தடித்த நரம்பு, இருபுறமும் வலை போன்ற மெல்லிய நரம்புகள். இதே மரத்தின் இலைகள் இந்தியாவின் நிலக்கரியிலும் தென்னாப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் தென் அமெரிக்காவிலும் இருக்கின்றன. இப்போது பனியைத் தவிர ஏதுமில்லாத அந்த இடமும் அதே காட்டின் ஒரு மூலை. பிராங்க்ஃபர்ட்டில் ஒருவர் பேசி முடித்திருக்கிறார். அதற்கான சாட்சியைப் பூமியின் மறுகோடியில் சாகப்போகிறவர்கள் இழுத்துக்கொண்டு நடக்கிறார்கள். இவர் பேசியது அவர்களுக்குத் தெரிய வழியே இல்லை.

கண்டத்தைத் தள்ளுகிற விசை எது என்பதை வெகனரால் கடைசிவரை சொல்ல முடியவில்லை. அதனாலேயே கிண்டல் செய்தார்கள். 1930இல் அவரும் பனியில்தான் இறந்தார், கிரீன்லாந்தில். கடல்தரை நடுவில் பிளந்து விரிகிறது என்பது கடல்தரைப் பாறைகளில் பதிந்த காந்தத் தடங்களைக் கொண்டு உறுதியானது 1960களில்தான்.

"கல்லைப் போட்டுட்டு வந்திருந்தா பிழைச்சிருப்பாங்களா?" என்று கேட்டாள் மகள். பசியும் குளிரும் சேர்ந்து கொன்றவர்கள். 16 கிலோ குறைந்திருந்தால் தப்பித்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை, அதையே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம் புது நகல் ஒன்றை எடுத்து, கரையைச் சுற்றி நீலப் பென்சிலால் ஓர் ஓரம் வரைந்து, அதன்மேல் வெட்டினாள். இந்த முறை கிட்டத்தட்டச் சேர்ந்தது. ஓர் இடத்தில் மட்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றது. டீச்சர் கேட்டால் அது நைஜர் என்று சொல்லிவிடுவாளாம்.