கடைசி எலெக்டிவுக்கு விலக்கு வாங்கியது இப்படித்தான்

மெக்கானிக்கல் எட்டாவது செமஸ்டரில் ப்ராஜெக்ட் தவிர எனக்கு இருந்தது ஒரே ஒரு எலெக்டிவ், அதாவது விருப்பப் பாடம். அந்த ஒன்றுக்காக வாரம் மூன்று நாள் வகுப்பில் உட்கார வேண்டும். ஓசூரில் முழுநேர இன்டர்ன்ஷிப் போக ஆசைப்பட்ட எனக்கு அது பெரிய தடை. ஐஐடிகள் நடத்தும் என்பிடெல் ஆன்லைன் கோர்ஸ் முடித்தால் எலெக்டிவுக்கு விலக்கு உண்டு என்று சீனியர் அண்ணன் ஒருவர் சொன்னார்.

ஆறாவது செமஸ்டரில் யாரையும் கேட்காமல் ஒரு கோர்ஸ் முடித்து, சான்றிதழோடு துறைத் தலைவரான ஹெச்ஓடி மேடத்திடம் போனேன். முடியாது என்றுவிட்டார். அது எட்டு வாரக் கோர்ஸ், பாடத்தின் அளவைக் குறிக்கும் கிரெடிட் அதற்கு இரண்டுதான்; எலெக்டிவுக்கு மூன்று வேண்டும், அதாவது பன்னிரண்டு வாரம். அதோடு, கோர்ஸில் சேரும் முன்பே துறையின் ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டுமாம். தேர்வுக் கட்டணம் 1,000 ரூபாய் போனதைவிட, இதை முன்பே விசாரிக்காமல் விட்டோமே என்றுதான் வருத்தமாக இருந்தது.

ஒரு பருவத்துப் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாக (என்பிடெல் கோர்ஸ்கள் இருக்கும் மத்திய அரசின் ஆன்லைன் தளம்) படிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2021இல் விதி கொண்டுவந்தது. 2016 விதியில் அது 20 சதவீதம். ஆனால் எந்தப் பாடத்துக்கு எதை ஏற்பது என்பது உங்கள் கல்லூரி கையில். அதனால் யுஜிசி விதியைக் காட்டி வாதாடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

ஜூலையில் மூன்று கோர்ஸ்களின் சிலபஸை அச்சிட்டுக்கொண்டு முதலில் துறைக்குத்தான் போனேன். ஒன்று நாங்கள் ஏற்கெனவே படித்த ஹீட் டிரான்ஸ்ஃபரோடு பாதிக்கு மேல் ஒத்துப்போனதால் தள்ளிவிட்டார்கள். இன்னொன்றுக்கு ஒப்புதல் கிடைத்தது. தேதியோடு கையெழுத்து வாங்கி, நகல் ஒன்றை வைத்துக்கொண்டேன்.

அடுத்து பெயர். தேர்வுப் படிவத்தில் கொடுக்கும் பெயர்தான் சான்றிதழில் வரும். என் ஸ்வயம் கணக்கில் அப்பா பெயர் முழுசாக இருந்தது. மார்க் ஷீட்டிலோ வெறும் இனிஷியல். நம் ஊரில் பாதிப் பேருக்கு இந்தச் சிக்கல் உண்டு. திருத்தக் கெடு முடிவதற்குள் மாற்றிவிட்டேன்.

மதிப்பெண் கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். பன்னிரண்டு அசைன்மென்ட்டில் சிறந்த எட்டின் சராசரிக்கு 25, நேரில் எழுதும் தேர்வுக்கு 75. இரண்டிலும் தனித்தனியாகத் தேற வேண்டும்: 25க்கு 10, 75க்கு 30. என் நண்பனுக்கு மொத்தம் 50 வந்தும் சான்றிதழ் இல்லை, தேர்வில் 28தான். எனக்கு 22ம் 51ம், மொத்தம் 73.

அக்டோபர் கடைசியில் எழுதிய தேர்வுக்கு டிசம்பரில்தான் ரிசல்ட் வந்தது. அந்தக் காத்திருப்பு கொஞ்சம் கொடுமை, ஏனென்றால் செமஸ்டர் தொடங்கும் முன் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். சான்றிதழ், ஒப்புதல் நகல், சிலபஸ் மூன்றையும் கடிதத்தோடு இணைத்துக் கொடுத்தேன். ஹெச்ஓடி, பிரின்சிபால் கையெழுத்துக்குப் பிறகு தேர்வுப் பிரிவில் ஓர் அக்கா சான்றிதழின் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பெயரைச் சரிபார்த்தார். "இனிஷியல் சரியா இருக்கு தம்பி" என்று சீல் வைத்தார்.

பொங்கல் முடிந்த திங்கட்கிழமை ஓசூரில் வேலைக்குச் சேர்ந்தேன்.