இலை மஞ்சளாகுதெண்டா முதல் மண்ணைப் பாருங்கோ
கனடாவில ஒன்ராறியோ மாகாணத்தில 2018 ஒக்டோபர்ல இருந்து ஒரு வீட்டுக்கு 4 கஞ்சாச் செடி சட்டப்படி வளர்க்கலாம், இப்ப முதல்தரம் வைக்கிற கனபேர் இலை மஞ்சளாகுது எண்டு கேக்கினம், தயவுசெய்து உடன பசளையை அள்ளிக் கொட்டாதேங்கோ!! கீழ் இலை முதல்ல மஞ்சளானா அநேகமா நைதரசன் காணாது. புதுக் குருத்து வெளிறி நரம்பு மட்டும் பச்சையா நிண்டா இரும்புச்சத்துப் பிரச்சினை, ஆனா மண்ணில இரும்பு இருந்தாலும் பிஎச் (மண்ணின்ர அமில-கார அளவு) 7க்கு மேல ஏறினா வேரால அதைச் சரியா எடுக்கேலாது, அதுதான் முதல்ல பிஎச் பாருங்கோ எண்டு சொல்லுறன், 6க்கும் 7க்கும் இடையில நிண்டா நல்லம். இலை நுனி மட்டும் கருகினா பெரும்பாலும் பசளை கூடிப்போச்சு, கொஞ்சநாள் வெறும் தண்ணி விடுங்கோ. அடியில ஓட்டை இல்லாத சாடியெண்டா அதை இண்டைக்கே மாத்துங்கோ, எந்தநேரமும் ஈரத்தில ஊறுற வேர் ஒண்டையும் உறிஞ்சாது, அப்பவும் இலை மஞ்சள்தான்.