ஏழாம் எண்

"அக்கா, இதைக் கொஞ்சம் பாருங்க" என்று எங்கள் ஆய்வகத்துக்குப் புதிதாக வந்தவள் ஈஸ்ட் வளர்க்கும் பிளேட்டை விளக்குக்கு நேரே பிடித்துக் காட்டினாள். மூன்றாவது ஸ்ட்ரீக், அதாவது செல்களைப் புதிய பிளேட்டில் மூன்றாம் முறையாகக் கோடு இழுத்து வளர்த்தது. எட்டில் ஏழு கோடுகள் வெறுமை. ஏழாம் எண்ணின் ஓரத்தில் மட்டும் ஒரே ஒரு காலனி, செல்கள் பெருகித் திரண்ட புள்ளி. குண்டூசித் தலை அளவு, விளிம்பு வட்டமாக, பளபளவென்று இருந்தது.

"கண்டாமினேஷன். தூக்கிப் போட்டுடு."

நான் சொன்னது இவ்வளவுதான். சொல்ல மூன்று நொடிகூட ஆகியிருக்காது. எட்டு மாதமாக அதுதான் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அப்படிச் சொன்னதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. அந்த ஈஸ்ட்டில், குரோமோசோம் நுனியை நீட்டிக் கொடுக்கும் டெலோமரேஸ் என்ற நொதியின் ஆர்.என்.ஏ.வான டிஎல்சி1 இல்லை, ராட்52 புரதமும் இல்லை. டெலோமரேஸ் இல்லையென்றால் குரோமோசோம் நுனியில் இருக்கும் சுமார் 300 எழுத்து நீளமுள்ள, டி, ஜி எழுத்துகளாலான டி.என்.ஏ. தொடர் ஒவ்வொரு பிரிவிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். ஐம்பது, நூறு தலைமுறைக்குள் பெரும்பாலான செல்கள் நின்றுவிடும். சில மட்டும் தப்பிக்கும். உடைந்த டி.என்.ஏ.வை இன்னொரு இழையைப் பார்த்து நகலெடுத்துச் சரிசெய்யும் ராட்52, ஒரு நுனியின் தொடரை இன்னொரு நுனிக்கும் எழுதிக் கொடுத்து அவற்றை வாழவைக்கும். விஞ்ஞானிகள் லண்ட்பிளாடும் பிளாக்பர்னும் 1993இலேயே இதைக் காட்டிவிட்டார்கள். ராட்52ஐயும் எடுத்துவிட்டால் அந்தக் கதவும் மூடிவிடும். அங்கே கொழுகொழுவென்று ஒரு காலனி வந்தால் யாரும் முதலில் சந்தேகிப்பது பக்கத்துப் பிளேட்டிலிருந்து வந்த சாதாரண ஈஸ்ட்டைத்தான்.

சரி, சந்தேகப்பட்டதில் தப்பில்லை. சோதிக்காமல் விட்டேனே, அது? ராட்52 இல்லாத ஈஸ்ட் டி.என்.ஏ.வைச் சிதைக்கும் எம்.எம்.எஸ். என்ற வேதிப்பொருள் கலந்த பிளேட்டில் வளராது. ஒரு பல்குச்சி, ஒரு பிளேட், இரண்டு நாள். வளர்ந்திருந்தால் நான் சொன்னது சரி. வளராமல் போயிருந்தால்?

2004இல் மாரிங்கெலே, லைடல் இருவரும் டெலோமரேஸும் ராட்52வும் இல்லாமலே பிழைத்துக்கொண்ட ஈஸ்ட்டைப் பற்றி எழுதினார்கள். எக்ஸோ1 என்ற நொதியையும் நீக்கியபோது அப்படிப் பிழைத்தவை கிடைத்தன. நுனித் தொடரையே இழந்து, குரோமோசோம் ஓரங்களில் முன்னும் பின்னும் ஒன்றாகப் படிக்கும் பெரிய தொடர்களோடு அவை வாழ்ந்தன. எங்கள் ஈஸ்ட்டில் எக்ஸோ1 இருந்தது. அதை நினைத்தால் கொஞ்ச நேரம் தைரியம் வரும். அப்புறம் போய்விடும்.

ஏனென்றால் இந்தப் புரதங்கள் பாடம் சொல்வதுபோல நடப்பதில்லை என்று தினமும் பார்ப்பவள் நான். குரோமோசோம் நுனியும் ஒரு வகையில் அறுந்த முனைதான். கூ புரதத்தின் வேலையே அறுந்த முனைகளை ஒட்டுவது. அதே கூ நுனியில் உட்கார்ந்து அதற்குக் காவல் நிற்கிறது. ஈஸ்ட்டில் அதை எடுத்துவிட்டால் நுனி மிகவும் குட்டையாகிவிடும், 37 டிகிரியில் செல் வளரவும் வளராது. எம்ஆர்ஈ11, ராட்50, எக்ஸ்ஆர்எஸ்2 மூன்றும் சேர்ந்து இயங்குவதும் அப்படித்தான். அறுந்ததைச் சரிசெய்ய வந்தவை, இங்கே நுனியின் நீளத்தைக் காக்கின்றன. இதைப் புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் ஆர்வமாகச் சொல்லுவேன். அவளுக்கும் சொல்லியிருக்கிறேன்.

அன்றைக்கு அவசரம் இருந்தது உண்மை. மற்ற எல்லாம் எதிர்பார்த்தபடி செத்திருந்தன, அதுவும் உண்மை. இன்னொரு முறை நடந்தால் நானும் கண்டாமினேஷன் என்றுதான் சொல்வேன் என்று நினைக்கிறேன். ஆனால் "தூக்கிப் போட்டுடு" என்பதைச் சொல்லாமல் இருப்பேனா, தெரியவில்லை. அவள் "நிச்சயமா அக்கா?" என்று ஒரு முறை கேட்டாள். நான் கணினியிலிருந்து தலையைத் திருப்பவில்லை.

உறைபெட்டியிலிருந்து அதே ஈஸ்ட்டை எடுத்து அப்புறம் இரண்டு முறை ஓட்டிப் பார்த்தோம். எதுவும் வரவில்லை. அதனால் எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும்.

போன வாரம் ஒரு தேதியைத் தேடி அவளுடைய நோட்டைப் புரட்டினேன். அந்த நாளுக்கு எதிரே எழுதியிருந்தாள்: "3ஆம் ஸ்ட்ரீக், எண் 7, ஒரு காலனி. கண்டாமினேஷன் என்று அக்கா சொன்னார்கள்."